கந்தளாய்க்கு எத்தகைய வைத்தியர் வேண்டும்?

ஒரு நாட்டில் வைத்தியக் கல்வி எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை அறிய விரும்புவோர் தலைநகரத்துக்கே செல்வர். அங்குள்ள பெரிய மண்டபங்களையும், நூல்நிலையங்களையும், பட்டமளிப்பு விழாவின் பகட்டையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். ஆனால், கல்வியின் பயனை அளக்க உகந்த இடம் அதுவன்று. திருகோணமலையிலிருந்து கண்டிக்குச் செல்லும் வீதியில் சுமார் 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கந்தளாயின் ஆதார வைத்தியசாலை போன்றதோர் இடத்தில், வெளிநோயாளர் விறாந்தையில் அரைமணி நேரம் நிற்பவர், அக்கல்வியின் நிறையையும் குறையையும் நேரிற் காண்பார்.

குளக்கோட்டு மன்னனின் பெயரோடு மரபுக் கதைகள் இணைத்துப் பேசும் பெருங் குளம் கந்தளாய்க் குளம். அதன் நீரால் விளையும் வயல்களை நம்பிச் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் ஆகிய மூவின மக்களும் இப்பகுதியில் வாழ்கின்றனர். 1986ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் அக்குளத்தின் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கும் அதிகமான உயிர்களைப் பலிகொண்ட துயரத்தை முதியோர் இன்னும் மறக்கவில்லை. உழவும் அறுவடையும் நடக்கும் இந்த மண்ணில் நோய்க்கும் குறைவில்லை; பாம்புக் கடிக்கும் குறைவில்லை. இங்கே வந்து கடமையேற்கும் இளம் வைத்தியர் ஒருவர் எவற்றையெல்லாம் அறிந்திருத்தல் வேண்டும்? அவர் எந்த வீட்டுப் பிள்ளையாக இருத்தல் நலம்? இவ்விரு கேள்விகளையும் இன்று நேற்றல்ல, ஏறக்குறைய நூற்றெழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே நம் தீவில் ஒருவர் கேட்டார். விடையையும் செய்து காட்டினார்.

மானிப்பாயில் ஒரு வைத்தியப் பள்ளி

அவர்தாம் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர். 1822ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்த அவர், அமெரிக்க மிஷன் சார்பில் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் தங்கி வைத்தியஞ் செய்தார். நோயாளிகள் திரள் திரளாக வந்தனர். தாம் ஒருவரே எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க முடியும் என்று எண்ணிய அவர், 1848ஆம் ஆண்டிலேயே மாணாக்கர் சிலரைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் அரசாங்க வைத்தியப் பள்ளி தோன்றியது 1870ஆம் ஆண்டில் என்பதை நினைவிற் கொண்டால், மானிப்பாயில் நடந்த காரியத்தின் அருமை விளங்கும்.

கிறீன் முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். மாணாக்கர் திறமையாகவே கற்றனர். ஆனால், கற்று முடித்தவர்களிற் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியிடங்களுக்குச் சென்றனர். கிராமங்களோ முன்போலவே வைத்தியரின்றி இருந்தன. கிறீன் மாணாக்கரைக் குறை கூறவில்லை. தமது கற்பிக்கும் முறையையே மாற்றினார். ஓய்வுக்காகத் தாய்நாடு சென்று 1862இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபின், 1864ஆம் ஆண்டளவில் தமிழிலேயே வைத்தியங் கற்பிக்கத் துணிந்தார். தமிழிற் கற்றவர் தமிழ்க் கிராமத்திலேயே தங்குவர். உடையாலும் உணவாலும் ஊராரிலிருந்து பிரிந்து நில்லார். நோயாளி சொல்வதும் அவருக்கு விளங்கும், அவர் சொல்வதும் நோயாளிக்கு விளங்கும் என்பது அவருடைய கருத்து.

கற்பிக்கப் புத்தகம் வேண்டுமே! உடற்கூறு, உடற்றொழில், சத்திரம், பிரசவம், இரசாயனம் ஆகிய துறைகளில் அக்காலத்தில் மேல்நாட்டார் கையாண்ட பாடநூல்களைத் தமிழாக்கும் பெரும்பணி தொடங்கிற்று. ‘பிரசவ வைத்தியம்’, ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’, ‘மனுஷ சுகரணம்’ முதலிய நூல்கள் வெளிவந்தன. டான்போர்த், சாப்மன் முதலிய அவருடைய பழைய மாணாக்கரே மொழிபெயர்ப்பிற் பங்குகொண்டனர். கிறீன் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுத் திருத்தினார். கலைச்சொல் தேடும்போது முதலில் தமிழில் வழங்கும் சொல்லையும், அது கிட்டாவிடத்து வடசொல்லையும், அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பையும் கொள்ளும் ஒழுங்கை வகுத்துக்கொண்டார். இவ்வாறு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் தமிழில் அச்சேறின. 1873இல் நோயுற்று நாடு திரும்பிய பின்னும் அவர் தமிழ் நூற்பணியைக் கைவிடவில்லை. 1884இல் அவர் காலமானபோது, ‘தமிழருக்கான வைத்திய ஊழியர்’ என்னும் பொருள்பட அவருடைய விருப்பப்படியே கல்லறையில் எழுதப்பட்டது.

அவரிடம் கற்றுத் தேறியோர் 60க்கும் மேற்பட்டவர். அவர்களிற் சரிபாதியளவினர் தமிழிலேயே கற்றவர்கள். தொகை சிறிதுதான். ஆயினும், அவர் பிடித்த இரண்டு நூல்களை நாம் கவனித்தல் வேண்டும். கிராமத்துக்கு வேண்டிய வைத்தியனைக் கிராமத்திலிருந்தே எடுத்தல் ஒன்று. அவனைப் புத்தகத்தாலன்றி நோயாளியின் கட்டிலருகே நிறுத்திப் பழக்குதல் மற்றொன்று. இன்று உலகத்து வைத்தியக் கல்வியாளர் முதலாவதைச் சமநீதி என்றும், இரண்டாவதைத் தேர்ச்சிமையப் பயிற்சி என்றும் பெயரிட்டு அழைக்கின்றனர்.

பள்ளியின் வாயிலுக்கு வெளியே நின்றவர்கள்

கிறீன் செய்தது முழுமையன்று. அவருடைய வகுப்பிற் பெண்கள் இல்லை. ஆண் வைத்தியரிடம் காட்டமாட்டோம் என்று மறைப்புக்குள் வைத்துப் பெண்களைச் சாகவிட்ட காலம் அது. அந்தக் குறையை நீக்கும் முயற்சி தமிழ்நாட்டில் வலுப்பெற்றது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிற் பெண்களுக்குக் கதவு திறந்தது. புதுக்கோட்டையிற் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912இல் அங்கே பட்டம் பெற்றார். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கெனவே வைத்தியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இவ்வம்மையாரின் பாட்டனார் ஜோன் ஸ்கடர், சென்னைக்குச் செல்லுமுன் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியத் தொண்டு புரிந்தவர் என்பது நம்மவர் அறிந்து மகிழத்தக்க செய்தி. பெண்களால் இப்படிப்பைத் தாங்க இயலுமோ என்று ஐயுற்ற அதிகாரிகளுக்கு, முதல் வகுப்பிலிருந்து பரீட்சைக்குத் தோற்றிய 14 பெண்களும் தேறியே விடை கூறினர்.

இலங்கையில் 1940களில் இலவசக் கல்வி வந்தபின், ஏழை வீட்டுப் பிள்ளையும் வைத்தியராகலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது. ஆனால், வாயில் திறந்திருப்பது வேறு; வாயில் வரை வழி இருப்பது வேறு. ஆய்வுகூடமில்லாத பாடசாலையிற் பயிலும் பிள்ளையும், எல்லா வசதிகளும் உள்ள நகரப் பாடசாலையிற் பயிலும் பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்கே விடை எழுதுகின்றனர்.

இதனைச் சரிசெய்யப் புகுந்த இடத்தில் ஒரு பெரும் பிழையும் நேர்ந்தது. 1970களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரித் தரப்படுத்தல் கொண்டுவரப்பட்டது. ஒரே பரீட்சையில் தமிழ்மொழி மூலம் தோற்றியவர் கூடுதலான புள்ளி பெறல் வேண்டுமென்ற அந்த ஏற்பாடு தமிழ் இளைஞரின் உள்ளத்தில் ஆறாத புண்ணை உண்டாக்கிற்று. சமநீதி என்னும் பெயரால் ஓர் இனத்தாரின் பிள்ளைகளை நிறுத்தி வைப்பது நீதியாகாது என்னும் பாடத்தை நாடு மிகுந்த விலை கொடுத்தே கற்றது. பின்னர் மாவட்ட அடிப்படை நிலைபெற்றது. வைத்தியம் உள்ளிட்ட பெரும்பாலான துறைகளில் 40 வீதமான இடங்கள் நாடளாவிய திறமை வரிசைப்படியும், 55 வீதம் மாவட்டங்களின் மக்கட்டொகைப்படியும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படும் முறை பல ஆண்டுகளாக வழங்கிவருகின்றது. அந்தப் பதினாறனுள் திருகோணமலையும் ஒன்று. கந்தளாயின் வயற்காட்டில் வளரும் பிள்ளைக்கு இதுவே ஒரு கைப்பிடி.

தமிழ்நாடும் வேறொரு வழியால் இதே இடத்துக்கு வந்தது. அரசுப் பள்ளிகளிற் பயின்ற மாணவருக்கு மருத்துவக் கல்லூரிகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ஆம் ஆண்டில் அங்கே சட்டமாயிற்று. உலக சுகாதார நிறுவனமும் 2010இலும் மீண்டும் 2021இலும் வெளியிட்ட வழிகாட்டிகளில், கிராமத்தில் வைத்தியர் தங்க வேண்டுமாயின் கிராமத்துப் பின்னணியுடைய மாணவரைச் சேர்த்துப் பயிற்றுங்கள் என்று பரிந்துரைத்துள்ளது. கிறீன் மானிப்பாயில் அனுபவத்தாற் கண்டதும் இதுவேயன்றோ?

‘புள்ளி குறைந்தவர் நல்ல வைத்தியராவாரா?’

இவ்விடத்திற் பெற்றோர் பலர் ஒரு கேள்வியை எழுப்புவர். நியாயமான கேள்வியேயாகும். “குறைந்த புள்ளியோடு உள்ளே போனவர் கையில் என் பிள்ளையின் உயிரை எப்படி ஒப்படைப்பது?” என்பர்.

இதற்கு விடை காண, கந்தளாய் வயலில் நிகழக்கூடிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மாலை மங்கும் வேளையில் வரம்பிற் சென்ற உழவர் ஒருவரைக் கண்ணாடி விரியன் தீண்டிவிடுகின்றது. யாழ்ப்பாணத்தார் புடையன் என்பது இந்தப் பாம்பைத்தான். வைத்தியசாலைக்குக் கொண்டுவருகின்றனர். கடமையில் இருப்பவர் இளம் வைத்தியர். விஷம் இரத்தத்தின் உறையுந் தன்மையைக் கெடுத்துவிட்டதா என்று அறிய வேண்டும். சுத்தமான கண்ணாடிக் குழாயிற் சிறிது இரத்தத்தை எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பதே எளிய சோதனை. உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்றுதல் வேண்டும். இந்தியாவில் தயாராகி வரும் அம்மருந்து உயிர் காப்பது. ஆயினும் அதுவே சிலருக்கு உடனடியான கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். மூச்சுத் திணறும், இரத்த அழுத்தம் விழும். அட்ரினலின் ஊசியை ஆயத்தமாக வைத்துக்கொண்டு நோயாளியை விட்டு அகலாமல் நிற்றல் வேண்டும். கடித்தது மூக்கு மேல்நோக்கிய சிறு விரியனாயின் அந்த மருந்தாற் பயனில்லை. வீணான ஆபத்தே மிஞ்சும். இதற்கிடையில், வாசலில் அழுதுகொண்டு நிற்கும் மனைவிக்கு நிலைமையை அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்லுதலும் வேண்டும்.

விஷமுறிவு மருந்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதி அதிக புள்ளி வாங்கிய மாணவர் ஒருவர், இவற்றுள் ஒன்றையும் கையாற் செய்து பழகாதவராக இருக்கக்கூடும். புள்ளி சற்றுக் குறைந்து உள்ளே வந்தவர், ஐந்தாண்டுப் பயிற்சியில் இவையனைத்தையும் பழுதின்றிச் செய்யக் கற்றவராகவும் இருக்கலாம். உழவரின் உயிர் யார் கையிற் பத்திரமாக இருக்கும்? உயர்தரப் பரீட்சையின் புள்ளி பதினெட்டு வயதில் ஒருவர் நின்ற இடத்தைக் காட்டும். அவர் வைத்தியராக வெளியேறும் நாளில் என்ன செய்ய வல்லவர் என்பதை அது காட்டாது. ஆகவே, உள்ளே செல்லும் வாயில் அகலமாக இருப்பதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. வெளியேறும் படியில் யாருக்கும் சலுகை காட்டாமல் இருப்பதே முக்கியம்.

எண்ணாமல் அளக்கும் முறை

தேர்ச்சிமையப் பயிற்சி என்பதன் உட்பொருளும் இதுவே. பழைய முறை, மாணவர் எத்தனை மாதம் வார்டில் நின்றார், எத்தனை விரிவுரைக்குச் சென்றார் என்று கணக்கெடுத்தது. புதிய முறை, அவர் எதனைத் தனித்துச் செய்ய வல்லவராயினார் என்று கேட்கின்றது. உலக சுகாதார நிறுவனம் 1978ஆம் ஆண்டிலேயே இதுபற்றி ஒரு நூல் வெளியிட்டது. அதற்கு மூன்றாண்டு முன்னர், 1975இல், ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில் றொனால்ட் ஹார்டன் என்னும் வைத்தியப் பேராசிரியரும் அவரோடு பணிபுரிந்தோரும் ஒரு புதிய பரீட்சை முறையை விவரித்தனர். மாணவர் வரிசையாக அமைந்த பல மேசைகளுக்குச் செல்வார். ஓரிடத்தில் நெஞ்சைப் பரிசோதிக்க வேண்டும். மற்றோரிடத்தில் நோயாளியிடம் வரலாறு கேட்க வேண்டும். இன்னோரிடத்திற் படத்தைப் பார்த்து நோயைச் சொல்ல வேண்டும். ஒவ்வோரிடத்துக்கும் அளந்த நிமிடம். ஒவ்வொரு செய்கைக்கும் முன்னரே எழுதி வைத்த புள்ளித் திட்டம். எல்லா மாணவருக்கும் வினா ஒன்றே. யாருடைய பிள்ளை, எந்தப் பாடசாலை, எந்த ஊர்ப் பேச்சு என்று பார்க்க அங்கே இடம் குறைவு. தேர்ச்சியை நேர்மையாக அளக்கும் முறை சமநீதிக்கும் துணைசெய்வதை இங்கே காண்கின்றோம்.

இந்தியாவிலும் 2019ஆம் ஆண்டிற் சேர்ந்த மாணவர் முதல் தேர்ச்சிமையப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. நோயாளியோடு பேசும் பண்பும் ஒழுக்க நெறியும் அதிற் பாடமாகவே வைக்கப்பட்டுள்ளன. தொடக்கப் பயிற்சியில் மாணவர் படிக்கும் மாநிலத்தின் மொழிக்கும் இடமுண்டு.

இலங்கையிற் பேராசிரியர் சேனக பிபிலே அவர்களை இவ்விடத்தில் நினைத்தல் தகும். ஏழைக்கும் மருந்து எட்ட வேண்டும் என்று 1971இல் அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராகப் பொறுப்பேற்று உழைத்தவர் அவர். கம்பனிப் பெயரைப் பாராமல் மருந்தின் பொதுப் பெயரைக் கொண்டே மருந்து எழுதப் பழக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். பேராதனை மருத்துவ பீடத்திற் பேராசிரியராக விளங்கிய அவர், வைத்தியங் கற்பிப்போருக்குக் கற்பிக்கும் கலையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதிலும் கருத்தூன்றினார். 1977இல் அவர் மறைந்தபின்னும் அவருடைய மருந்துக் கொள்கை பிறநாடுகளாற் போற்றப்பட்டது.

1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கிற்று. அங்கே சமுதாய மருத்துவப் பேராசிரியராக இருந்த சிவஞானசுந்தரத்தை வாசகர் பலர் ‘நந்தி’ என்னும் பெயரால் அறிவர். மலையகத் தொழிலாளரின் வாழ்வை ‘மலைக்கொழுந்து’ என்னும் நாவலாக எழுதியவர் அவரே. கதையிலும் வைத்தியத்திலும் அவர் பார்வை சாதாரண மக்களை நோக்கியே சென்றது. போர்க்காலத்தின் கொடுமைகளுக்கிடையே அந்தப் பீடம் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. உடற்கூற்றியல் கற்பித்த ராஜனி திராணகம 1989 செப்ரெம்பரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படியிருந்தும் வைத்தியரை உருவாக்கும் பணி அங்கே நின்றுவிடவில்லை. கிழக்கு மாகாணத்துக்கும் பின்னர், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் மட்டக்களப்பில், வைத்தியங் கற்பிக்கும் பீடமொன்று கிடைத்தது.

நெஞ்சு எரிவும் நெஞ்சு அடைப்பும்

தேர்ச்சிகளுள் ஒன்றைத் தனியே எடுத்துச் சொல்லுதல் வேண்டும். அது மொழி. கந்தளாயிலும், அயலிலுள்ள தம்பலகாமம், முள்ளிப்பொத்தானை முதலிய ஊர்களிலும் வாழும் மக்கள் சிலர் தமிழையும் சிலர் சிங்களத்தையும் பேசுகின்றனர். உயர்தரம் வரை தாய்மொழியிற் பயின்ற மாணவர், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் வைத்தியங் கற்கின்றார். பின்னர் இரண்டு மொழி பேசும் மக்கள் நடுவே கடமைக்கு வருகின்றார்.

“நெஞ்சு எரிகிறது” என்று ஒரு முதியவர் சொல்வார். “நெஞ்சுக்குள் அடைக்கிறது” என்று மற்றொருவர் சொல்வார். முன்னையது பெரும்பாலும் இரைப்பைப் புளிப்பாக இருக்கலாம். பின்னையது மாரடைப்பின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். இரண்டும் “நெஞ்சு நோ” என்று ஒன்றாகக் காதில் விழுமானால் நேரக்கூடிய கேட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. சிங்கள மொழி நோயாளியின் முன் நிற்கும் தமிழ் வைத்தியருக்கும் இதே நிலைதான். இருதயத்தின் ஓசையைக் கேட்டறிவது எப்படித் தேர்ச்சியோ, அப்படியே நோயாளியின் வாய்மொழியை அவர் மொழியிற் கேட்டறிவதும் தேர்ச்சியே. அதைப் பரீட்சை மேசையிலும் வைத்து அளத்தல் வேண்டும். தமிழிற் கற்பித்தபோது கிறீன் தேடியதும் இதையே. உயர்ந்த வைத்திய நூல்கள் யாவும் இன்று ஆங்கிலத்தில் இருப்பதால் நாம் அவர் வழியை அப்படியே மீட்க இயலாமற் போகலாம். நோயாளியின் மொழியிற் பேசக்கூடிய வைத்தியரை ஆக்குதல் மட்டும் நம்மால் இயலும்.

மருந்தியலைப் பேசிய வள்ளுவர், நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து உதவுவோர் என நான்கு பகுதியாக வைத்தியத்தை வகுத்தார். முதலில் நோயாளியையே வைத்தார். நம்முடைய கல்வித்திட்டங்களும் அந்த ஒழுங்கை மறவாதிருத்தல் வேண்டும்.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

பெற்றோர் பலர் பிள்ளை வைத்தியராக வேண்டும் என்று ஆசைப்படுகின்றனர். அந்த ஆசை தவறன்று. ஆனால், “எத்தனை புள்ளி?” என்னும் கேள்வியோடு நின்றுவிடுதல் தவறு. நோயுற்ற பாட்டியின் அருகே பத்து நிமிடம் அமர்ந்து, அவர் சொல்வதைப் பொறுமையோடு கேட்கும் இயல்பு பிள்ளைக்கு உண்டா என்றும் பார்த்தல் வேண்டும். இல்லையாயின் வீட்டிலேயே அதைப் பழக்கலாம். அதற்குத் தனி வகுப்பு வேண்டாம்.

மாவட்ட ஒதுக்கீட்டால் மருத்துவ பீடத்திற் புகும் மாணவர் தலைகுனிய வேண்டுவதில்லை. அந்த இடம் பிச்சையன்று. வைத்தியரில்லாத ஊர்கள் தம் பிள்ளைகளுக்கென வைத்த இடம் அது. ஆனால், ஊர் கொடுத்த இடத்துக்கு ஊர் ஒன்றை எதிர்பார்க்கும் உரிமையும் உண்டு. கையுந் தேர்ந்து, சொல்லுந் தேர்ந்து, இரண்டு மொழியும் ஓரளவாயினும் பழகி, ஒருமுறையேனும் இத்தகைய வைத்தியசாலைகளில் வந்து கடமை செய்தல் வேண்டும்.

பல்கலைக்கழகங்களை நடத்துவோருக்கும் கடன் உண்டு. மாணவரை எடுத்தோம் என்பதோடு அமைந்துவிடலாகாது. ஆங்கிலத்தில் தடுமாறும் கிராமத்து மாணவருக்கு முதலாண்டிலேயே கைகொடுத்தல் வேண்டும். போதனா வைத்தியசாலையின் பெரிய வார்டுகளோடு நிறுத்தாமல், ஆதார வைத்தியசாலைகளிலும் கிராமத்து மருந்தகங்களிலும் பயிற்சி அளித்தல் வேண்டும். தேர்ச்சி பெறாதவரை எவராயினும் வெளியே விடாதிருத்தல் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் சமநீதி என்பது காகிதத்திலேயே நின்றுவிடும்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், கப்பலேறி வந்த ஒருவர் நம் மொழியைக் கற்று, நம் பிள்ளைகளைக் கொண்டே நம் ஊர்களுக்கு வைத்தியரை உண்டாக்க முடிந்தது. நாமோ இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். நமக்கு மொழி கற்கக் கப்பலேற வேண்டுவதில்லை. இவ்வாண்டு உயர்தரம் எழுதும் கந்தளாய்ப் பிள்ளைகளுள் ஒருவரேனும், சில ஆண்டுகளின் பின்னர் அவ்வூர் வைத்தியசாலையிலேயே கடமையேற்று, தமிழிலும் சிங்களத்திலும் நோயாளியிடம் “என்ன செய்கிறது?” என்று கேட்பாராக.